தெட்ஃபோர்டு கோட்டை மேட்டில் கோட்டை எங்கே?

கேள்வி:
இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் தெட்ஃபோர்டுக்குப் போயிருந்தேன். கோட்டை மேடு என்று வழி சொன்னார்கள். போய்ப் பார்த்தால் செங்குத்தான புல்மேடு, ஏறுவதற்குப் படிக்கட்டு, அவ்வளவுதான். மேலே சுவர்கூட இல்லை. வெறும் மண்ணுக்கு எதற்குச் சட்டப் பாதுகாப்பு?

பதில் 1:
அந்த மண்தான் கோட்டையே! 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் சிறு கூட்டம். கல்லில் கட்டி முடிக்கும்வரை ஊர் சும்மா இருக்காது. அதனால் அகழி வெட்டி, அந்த மண்ணையே குவித்துக் கெட்டித்து, உச்சியில் மரக்கோபுரம் வைத்தார்கள். கீழே வேலியடைத்த முற்றம். அந்தப் படையெடுப்பைப் படமாகத் தைத்த பேயூ திரைச்சீலையில், ஹேஸ்டிங்ஸ் ஊரில் மேடு எழுப்பும் காட்சியே இருக்கிறது, மண்வெட்டியும் கையுமாக ஆட்கள்.

தெட்ஃபோர்டு அன்றைக்குப் பெரிய ஊர், ஆற்றைக் கடக்கும் இடம். அங்கே ஏற்கெனவே இருந்த இரும்புக்கால மண் அரண்களுக்குள் ஏறத்தாழ 19 மீட்டர் உயரத்துக்கு மேட்டை எழுப்பினார்கள். காவலுக்கு மட்டும் இவ்வளவு உயரம் தேவையில்லை. ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் புது எஜமானன் யார் என்று தெரிய வேண்டும், அதுதான் நோக்கம் என்பது என் கருத்து. லிங்கன் நகரில் கோட்டைக்காக 166 வீடுகள் போயின என்று நார்மன் அரசர் எடுத்த நில, சொத்துக் கணக்கான டூம்ஸ்டே பதிவேடு சொல்கிறது. அந்த வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1173-ல் நார்ஃபோக் பிரபுவான பிகாட் குடும்பத்து ஹியூ, அரசர் இரண்டாம் ஹென்றிக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தார். அரசரின் தரப்பு தெட்ஃபோர்டு கோட்டையை அழித்துவிட்டது.

கேட்டவர்:
சரி, மரம் எப்போதோ மக்கியிருக்குமே. தோண்டினால் என்ன கிடைக்கும்?

பதில் 1:
மரம் போனாலும் தூண் நட்ட குழி போகாது, மண்ணின் நிறம் மாறியிருக்கும். வேல்ஸில் ஹென் டோமென் என்ற மேட்டில் 1960-ல் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் பொறுமையாகத் தோண்டினார்கள். காலியான புல்வெளி போல இருந்த முற்றத்தில் மரக்கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றதும், அவற்றைத் திரும்பத் திரும்பக் கட்டியதும் அந்தக் குழிகளை வைத்துத்தான் தெரிந்தது. கண்டபடி ஒரு குழி வெட்டினால் இந்தத் தடயம் அழிந்துவிடும், திருப்பி வைக்க வழியே இல்லை.

பதில் 2:
இன்னொன்று: 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட இடத்தில் முன் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதும் குற்றம். அடுத்த முறை போனால் படிக்கட்டிலேயே ஏறுங்கள், சரிவில் நடந்தால் மண் அரிக்கும்.