புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எளிய போட்டோ எடிட்டிங் மென்பொருள் எது? கேனன் 1500டி, பழைய லேப்டாப்

மணக்குடி காயல்:

வணக்கம். கையில் இருப்பது கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். லேப்டாப் பழசு: ஐ3, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி கிடையாது, விண்டோஸ் 10. தொழிலுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குதான். பெரும்பாலும் கடற்கரை, உப்பளம், முப்பந்தல் காத்தாடி (காற்றாலை), சில சமயம் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம்.

எனக்கு வேணும்கிறது கொஞ்சம்தான். சாய்ஞ்ச கடல்கோட்டை நேராக்கணும். வெளுத்த வானத்தைச் சரியாக்கணும். குறுக்கே வர்ற மின்கம்பியை அழிக்கணும். நல்லா வந்ததை 12×18 பிரிண்ட் போடணும். மாசாமாசம் பணம் கட்டுற மென்பொருள் வேண்டாம். கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோஷாப் சிஎஸ்6-ஐ பென்டிரைவில் போட்டுத் தர்றதா சொல்றாங்க. கிம்ப், டார்க்டேபிள், ராதெரபின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதிலிருந்து தொடங்கலாம்?

வேளிமலை:

மென்பொருளுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுக்கணும்: ஜேபெக்கா (கேமராவே திருத்திச் சுருக்கித் தர்ற படம்), ராவா (சென்சார் பதிஞ்ச தகவல், திருத்தாத கோப்பு)? நீங்க கேட்ட நாலில் மூணுக்கு ஜேபெக் போதும். வெளுத்த வானத்துக்கு மட்டும் போதாது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 1500டியின் ரா 14 பிட், அதாவது 16,384 படிகள். ஜேபெக்கில் கடைசிப் படியான 255-ஐத் தொட்டுட்ட இடத்தில் தகவலே கிடையாது. எந்த ஸ்லைடரை இழுத்தாலும் வெள்ளை சாம்பல் ஆகுமே தவிர மேகம் வராது. ராவில் ஓரளவு மீட்கலாம், அதுவும் அளவோடதான். அதனால் கேமரா மெனுவில் ‘ரா+எல்’ வச்சிடுங்க. ரெண்டும் பதிவாகும், கார்டு சீக்கிரம் நிறையும், வேற நஷ்டம் இல்லை.

வானம் வெளுக்காமல் எடுப்பது அதைவிட லேசு. படம் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனை மாத்தி மாத்தி அமுக்கினா ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) திரை வரும். வெளுத்துப்போன இடம் அதில் கறுப்பா மின்னும். மின்னினா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை) மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1-க்கு இறக்கி இன்னொரு படம் எடுங்க.

இப்பம் மென்பொருள். கேனன் கேமராவுக்கு கேனனே இலவசமா தர்ற டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், சுருக்கமா டிபிபி, இருக்கு. அதை யாரும் சொல்லலைன்னுதான் எனக்கு ஆச்சரியம். கேனன் தளத்தில் உங்க மாடலின் டவுன்லோட் பக்கத்தில் கிடைக்கும். சீரியல் எண் கேட்டால் கேமராவின் அடியில் பாருங்க. (நிக்கான் வச்சிருக்கிறவங்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். எல்லாமே இலவசம்.)

புது ஆளுக்கு டிபிபி ஏன் நல்லதுன்னா, ரா கோப்பைத் திறந்ததும் கேமரா திரையில் பார்த்த அதே நிறம் வரும். கேமராவில் வச்ச பிக்சர் ஸ்டைலை அது அப்படியே எடுத்துக்கிடும். டார்க்டேபிளில் அதே படம் மங்கலாத் தெரியும், “என் படம் கெட்டுப்போச்சா”ன்னு முதல் நாளே வெப்ராளம் பிடிக்கும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சாய்வைச் சரிசெஞ்சு கிராப். அடுத்து ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்துக்கேத்த சரிக்கட்டல்). உதயம், அஸ்தமனத்தை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மஞ்சளையே தப்புன்னு நினைச்சுக் குறைச்சிடும். டேலைட் (5200 கெல்வின்) வையுங்க, இன்னும் சூடா வேணும்னா கிளவுடி (6000). பிறகு பிரைட்னஸ், அதன்பின் ஹைலைட் ஸ்லைடரை மைனஸ் பக்கம், ஷேடோவைக் கொஞ்சம் பிளஸ் பக்கம். சாச்சுரேஷன் கடைசி. பிளஸ் 1-க்கு மேல போனால் கடல் நீலச்சாயம் கரைச்ச தண்ணி மாதிரி ஆயிடும். முடிஞ்சதும் ‘கன்வெர்ட் அண்ட் சேவ்’ கொடுத்து ஜேபெக் எடுங்க. மூலப் படத்தகவல் மாறாது, செஞ்ச மாற்றம் எல்லாம் ‘ரெசிபி’யாத் தனியா நிக்கும்.

பென்டிரைவ் சிஎஸ்6 வேண்டாம். திருட்டுப் பிரதியில் வைரஸ் வர்றது ஒரு பக்கம். அதைவிட, சிஎஸ்6-க்கான கேமரா ரா பகுதி 2015-இல் 9.1.1 பதிப்போட நின்னுபோச்சு. உங்க கேமரா 2018-இல் வந்தது. அதன் ரா கோப்பை சிஎஸ்6 திறக்கவே திறக்காது.

முட்டம் லைட்ஹவுஸ்:

வேளிமலை அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா அந்த லேப்டாப்பில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் காத்துக்கிட்டே இருக்கணும். வாரத்துக்குப் பத்துப் படம் திருத்துறவருக்கு போனில் ஸ்னாப்சீட் போதும். இலவசம், விளம்பரம் இல்லை. போனில் சொருகுற ஓடிஜி கார்டு ரீடர் ஒண்ணு வாங்கி ஜேபெக்கை போனுக்கு எடுத்துக்கிடுங்க.

ரொட்டேட் கருவி கடல்கோட்டைத் தானே நேராக்கப் பார்க்கும், தப்பினால் விரலால் திருத்தலாம். வானத்துக்கு ‘செலக்டிவ்’: வானத்தில் ஒரு புள்ளி வையுங்க, ரெண்டு விரலை விரிச்சு வட்டத்தின் அளவை மாத்துங்க, மேலும் கீழும் இழுத்தா பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்னு மாறும், பக்கவாட்டில் இழுத்தா அளவு கூடும் குறையும். வானத்தோட நிறத்தை ஒத்த இடத்தில்தான் வேலை செய்யும், பாறை தப்பிச்சிடும்.

ஆம்பியன்ஸ் ஸ்லைடரை மட்டும் நம்பாதீங்க. பிளஸ் 25-30-க்கு மேல போனா வள்ளுவர் சிலையைச் சுத்தி வெள்ளையா ஒரு ஒளிவட்டம் விழும். அங்க வானமும் சிலையும் சேர்ற கோடு ரொம்ப தெளிவானது, பிசகினா உடனே தெரிஞ்சிடும்.

செட்டிங்ஸில் ‘டு நாட் ரீசைஸ்’, ஜேபெக் தரம் 95 அல்லது 100. வாட்ஸாப்பில் அனுப்பும்போது போட்டோவா அனுப்பாமல் டாக்குமென்டா அனுப்பணும், இல்லாட்டா அது சுருக்கிடும். ஸ்டூடியோக்காரர் “ரெசல்யூஷன் பத்தல”ன்னு சொல்ற பாதி கேஸ் இதனாலதான்.

பழையாறு:

கம்பி அழிக்கிற விஷயத்தை ரெண்டு பேரும் தொடலை. ஸ்னாப்சீட் ஹீலிங் வெறும் வானத்தில் நல்லா வரும். கம்பி தென்னை ஓலையைக் கடக்கிற இடத்தில் ஓலையையே குழைச்சிடும். அங்க கிம்ப்தான். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, அதையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்க. பில்டர்களைப் பின்னாடி திருத்துற வசதி இதிலதான் வந்தது.

வெறும் வானத்தில் ஹீல் கருவி, எச் விசை. கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டுப் பக்கத்து வானத்தில் கிளிக் பண்ணி மாதிரி எடுக்கணும், பிறகு கம்பி மேல தேய்க்கணும். தூரிகை கம்பியைவிட ரெண்டு மடங்கு அகலம் போதும். நேரான கம்பின்னா ஒரு முனையில் கிளிக் பண்ணிட்டு, ஷிப்டை அமுக்கி மறுமுனையில் கிளிக் பண்ணினா ஒரே கோடா போயிடும். ஓலை, கட்டட விளிம்பு வந்ததும் குளோன் கருவிக்கு, சி விசைக்கு, மாறிடுங்க. ஹீல் சுத்தியுள்ள நிறத்தைக் கலக்கிப் பார்க்கும். விளிம்பில் வானமும் ஓலையும் கலந்து அழுக்குத் திட்டு விழுறது அதனாலதான். குளோன் கலக்காமல் அப்படியே எடுத்து ஒட்டும்.

எதையும் பின்னணி லேயரில் (மூலப் படம் இருக்கிற அடுக்கில்) நேரடியாச் செய்ய வேண்டாம். ஷிப்ட்+கன்ட்ரோல்+டி கொடுத்தால் நகல் லேயர் வரும், அதில் செய்யுங்க.

சாய்வுக்கு மெஷர் கருவி: கடல்கோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்க, ‘ஸ்ட்ரெய்ட்டன்’ அமுக்குங்க, அவ்வளவுதான். கோட்டை நீளமா இழுக்கணும். சின்னதா இழுத்தால் கோணம் தப்பும். முட்டத்தில் பாறைக்குப் பின்னாடி கடல்கோடு துண்டு துண்டாத் தெரியும், ரெண்டு ஓரத்துத் துண்டையும் சேர்த்து இழுங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் முட்டிக்கிற இடம்: ‘சேவ்’ கொடுத்தால் கிம்ப் தன்னோட எக்ஸ்சிஎஃப் வடிவத்தில்தான் சேமிக்கும். ஸ்டூடியோவில் அது திறக்காது. ஷிப்ட்+கன்ட்ரோல்+இ, எக்ஸ்போர்ட், ஜேபெக், தரம் 92-95. எக்ஸ்சிஎஃப்-ஐயும் வச்சுக்கிடுங்க. ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்கா சேமிக்கச் சேமிக்கத் தரம் இறங்கும், முதலில் அடிபடுறது வானத்து மென்மைதான்.

கிம்ப் தானா ரா திறக்காது, அதையும் சொல்லிடறேன். டிபிபியில் மாத்தி, 16 பிட் டிஃப் (TIFF) கோப்பா எடுத்து கிம்புக்குக் கொண்டுவாங்க.

சவேரியார் குன்று:

டார்க்டேபிளை ரொம்ப மட்டம் தட்டாதீங்க மக்கா. கத்துக்கிட்டா அதைவிட நல்ல இலவச மென்பொருள் இல்லை. ஆனா இந்த லேப்டாப்புக்கு ஒத்துவராதுங்கிறது உண்மை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ‘டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்’ மாதிரி பகுதியைப் போட்டால் எக்ஸ்போர்ட் முடியுறதுக்குள்ள தேயிலை போட்டுக் குடிச்சிடலாம். தவிர, ஒயிட் பேலன்ஸை அதில் ரெண்டு இடத்தில் தொடலாம். புது ஆள்கள் ரெண்டையும் தொட்டு நிறம் ஊதாவா ஓடிப்போகும். இப்போதைய முறையில் ‘ஒயிட் பேலன்ஸ்’ பகுதியை விட்டுட்டு ‘கலர் கேலிப்ரேஷன்’ மட்டும்தான் தொடணும்.

முப்பந்தல் காத்தாடிப் படத்துக்கு ராதெரபி பாருங்க. மலைக்கு முன்னாடி எப்பவும் ஒரு வெள்ளைப் புகைமூட்டம் நிக்கும்லா, அதுக்கு டீட்டெயில் பகுதியில் ‘ஹேஸ் ரிமூவல்’ இருக்கு. ஸ்ட்ரென்த் 20-30 போதும். கூட்டினா வானத்தில் புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், இறக்கையைச் சுத்திக் கறுப்பு நிழல் விழும். ராதெரபி படம் திறந்ததும் கேமரா ஜேபெக்கின் வெளிச்ச அளவைப் பார்த்து அதுக்கேத்த மாதிரி வளைவைத் தானே போட்டுக்கிடும், அதனால் டார்க்டேபிள் அளவுக்கு மங்கலாத் தெரியாது.

தொட்டிப்பாலம் 115 அடி உயரம். கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தால் தூண்கள் உள்ளே சாயும். எந்த மென்பொருளில் நேராக்கினாலும் மேல் ஓரம் விரிஞ்சு, மேலே ரெண்டு மூலையும் வெட்டுப்படும். எடுக்கும்போதே ரெண்டு பக்கமும் தாராளமா இடம் விட்டு எடுங்க. முழுசா நேராக்கவும் வேண்டாம். கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்தால்தான் உயரம் கண்ணுக்குத் தெரியும்.

மணக்குடி காயல்:

எல்லாருக்கும் நன்றி. அப்பம் டிபிபி, கம்பிக்கு மட்டும் கிம்ப்னு வச்சுக்கிடறேன். ரெண்டு சந்தேகம். லேப்டாப் திரையில் வெளிச்சமா இருக்கிற படம் பிரிண்டில் இருட்டா வருதுன்னு சொல்றாங்களே, அது ஏன்? படத்து மேல தமிழில் ஊர்ப்பேர் எழுதணும்னா எழுத்து உடையாம வருமா?

பார்வதிபுரம் பிரிண்ட்:

முதல் காரணம் திரை வெளிச்சம். லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வச்சுத் திருத்தினால், படம் போதுமான வெளிச்சம்னு நினைச்சு நீங்களே இருட்டா விட்டுடுவீங்க. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வச்சு, திரையில் உள்ள வெள்ளையும் தாளும் ஏறக்குறைய ஒண்ணாத் தெரியுற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைங்க. விண்டோஸ் ‘நைட் லைட்’ அணைஞ்சிருக்கணும், இல்லாட்டா பிரிண்டில் எல்லாம் நீலமா வரும். பழைய ஐ3 லேப்டாப் பலதில் திரையை மேலும் கீழும் சாய்ச்சாலே நிறம் மாறும். நேரா உட்கார்ந்து பாருங்க. ஹிஸ்டோகிராம் பொய் சொல்லாது, அதையும் கண்ணில் வச்சுக்கிடுங்க.

12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி)ன்னா 3600×5400 பிக்சல். உங்க கேமரா 6000×4000 தருது, விகிதமும் அதே 3:2, அதனால் எதுவும் வெட்டுப்படாது. பாதிக்குப் பாதி கிராப் பண்ணினா சுமார் 3000×2000தான் மிஞ்சும். அதை 12×18 போட்டால் 170 டிபிஐகூட வராது. சுவரில் தூரத்திலிருந்து பார்க்கக் கொள்ளாம், கையில் வச்சுப் பார்த்தால் மசமசன்னு இருக்கும். 8×10 கேட்டால் ஓரம் போயிடும், முன்கூட்டியே அந்த விகிதத்தில் கிராப் பண்ணிடுங்க.

அளவை மாத்தின பிறகுதான் ஷார்ப்பன். கிம்பில் அன்ஷார்ப் மாஸ்க், ரேடியஸ் 1 முதல் 1.5, அமவுண்ட் 0.5. கலர் ஸ்பேஸ் (கோப்பு பயன்படுத்துற நிற வரம்பு) எஸ்ஆர்ஜிபி மட்டும். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல பிரிண்ட் லேபில் தோல் நிறமும் அஸ்தமனமும் வெளிறிப்போகும். கேமரா மெனுவிலும் எஸ்ஆர்ஜிபியில் இருக்கான்னு பாருங்க. கொடுக்கும்போது “கலர் கரெக்‌ஷன் வேண்டாம்”னு சொல்லிடுங்க. இல்லாட்டா மெஷின் உங்க அஸ்தமனத்தைப் பகல் ஆக்கிடும். பெருசு போடுறதுக்கு முன்னாடி அதே கோப்பை 4×6 ஒண்ணு போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்க.

தமிழ் எழுத்து: கிம்பில் யூனிகோட் எழுத்துரு எதுவும் உடையாது, நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாக் கிடைக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துரு வேற குறியீட்டு முறை, அதைத் தேர்ந்தெடுத்துட்டு யூனிகோடில் தட்டினால் அந்த எழுத்துருவில் வரவே வராது. போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வு அணைஞ்சிருக்குன்னு அர்த்தம். எழுத்தை ஓரத்திலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்க, பிரேம் விளிம்பு அந்த இடத்தை மறைக்கும்.