மறு: ஃப்ரீ ஏஜென்ட் – ‘இலவச முகவர்’ வேண்டாம் சரி, வேறென்ன?

வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நம் கூடைப்பந்துச் சொற்பட்டியல் வரைவுக்காக ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்: எந்த அணியின் ஒப்பந்தத்திலும் இல்லாத, புதிய அணியோடு பேசக்கூடிய ஆட்டக்காரர். ‘இலவச முகவர்’ கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம், அதனால் அதை மேலும் அடிக்க வேண்டாம். இலவசமும் கிடையாது, முகவரும் கிடையாது. அந்த ஆட்டக்காரருக்கென்று தனியாக ஒரு முகவர் இருப்பார், அவரும் இலவசமாக வேலை பார்ப்பவர் அல்ல.

> சுதந்திர வீரர் என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் ‘சுதந்திர வீரர் கவாய் லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் சேர்ந்தார்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனதில் கட்டபொம்மனும் வ.உ.சி.யும் வந்து நிற்பார்கள். ‘விடுதலை வீரர்’ அதைவிட மோசம். ‘விடுபட்ட வீரர்’ என்றால் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்.

> கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. கட்டற்ற வீரர் என்பதே பொருத்தம்.

இதுவரை வந்ததில் எனக்கும் பிடித்தது இதுதான். கட்டு என்பது ஒப்பந்தத்தைக் குறிக்கும், சொல்லும் சின்னது. ஆனால் அடுத்த அடி வைத்தால் வழுக்குகிறது. என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) விதியில் ஃப்ரீ ஏஜென்ட் இரண்டு வகை: பழைய அணியின் பிடி இன்னும் இருப்பவர், பிடியே இல்லாதவர். முதலாமவர் ‘கட்டுள்ள கட்டற்ற வீரர்’, இரண்டாமவர் ‘கட்டற்ற கட்டற்ற வீரர்’ என்று ஆகிவிடும். அகராதியில் இதை ஏற்றினால் நம்மைத்தான் சிரிப்பார்கள். ஒரு தாய்ச்சொல் வைத்தால் அதன் பிள்ளைச் சொற்களும் அதிலிருந்தே பிறக்க வேண்டும்.

> இங்க ஸ்காபரோவில பெடியள் எல்லாரும் ஃப்ரீ ஏஜென்ட் எண்டுதான் சொல்லுகினம். இதுக்கு ஒரு புதுச்சொல் ஏன்?

அண்ணா, பேச்சில் அப்படியே சொல்லட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் நீங்களே உங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியைப் பற்றி இந்த இழையில் போட்ட சண்டையைப் பாருங்கள். (ரொறன்ரோவா டொராண்டோவா என்ற சண்டை இன்னொரு நாளைக்கு.) 2024-ல் இமானுவேல் குயிக்லிக்கு 5 ஆண்டுக்கு 17.5 கோடி டாலர் வரை கொடுத்தது சரியா தவறா என்பது பேச்சு. ஒருவர் எழுதினார்: கொடுக்காவிட்டால் 2023-ல் பிரெட் வான்வ்லீட் போனது போல இவரும் போயிருப்பார், கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதற்கு நீங்கள் ‘போகேலாது’ என்று பதில் எழுதினீர்கள். இரண்டு பேருமே ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினீர்கள், ஆனால் பேசியது வேறு வேறு நிலைகளைப் பற்றி. வான்வ்லீட் போனபோது ராப்டர்ஸுக்குத் தடுக்கும் உரிமை இல்லை. குயிக்லி விஷயத்தில் இருந்தது: வேறு அணி என்ன விலை சொன்னாலும் அதே விலையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, வெளியிலிருந்து யாரும் விலை சொல்வதற்கு முன்பே இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்திருந்தால் பாதி மடல்கள் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ‘ஃப்ரீ’ என்பதற்கு நேர்ச்சொல் தேடுவதை விடுவோம். உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல்லாக எடுப்போம். இந்த ஏற்பாடு உருவான கதையே அதுதான்.

1970-ல் வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் லீக்மீது வழக்குப் போட்டார். அதுவரை ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர்மீதான உரிமை அணியிடமே இருந்தது. வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தது, ஆனால் உரிமை ஒரேயடியாகக் கைமாறவில்லை. முதலில், வீரரை இழக்கும் அணிக்கு எடுக்கும் அணி ஈடு தர வேண்டும் என்று வைத்தார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டு, பழைய அணி அதே விலையைக் கொடுத்தால் வீரர் அங்கேயே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். எந்தப் பிடியும் இல்லாமல் ஒருவர் அணி மாறியது 1988-ல்தான்: சியாட்டிலில் ஆடிக்கொண்டிருந்த டாம் சேம்பர்ஸ், ஃபீனிக்ஸ் சன்ஸுக்குப் போனார்.

உரிமை முழுக்க அணியிடம், பிறகு பாதிப் பாதி, பிறகு வீரரிடம். இந்த வரிசைக்குப் பொருந்துவது ‘தன்னுரிமை வீரர்’ என்று எனக்குத் தோன்றுகிறது. அரசியலில் புழங்கும் சொல்தான், இங்கே உட்கார்ந்தாலும் இடிக்கவில்லை. பிடியே இல்லாதவர் ‘முழுத் தன்னுரிமை வீரர்’. அதே விலையைக் கொடுத்து வைத்துக்கொள்ளப் பழைய அணிக்கு இருக்கும் அந்த உரிமைக்குப் பெயர் ‘மீட்புரிமை’, அதற்கு உட்பட்டவர் ‘மீட்புரிமை வீரர்’.

எந்தச் சொல்லை எடுத்தாலும் வான்வ்லீட்டின்மீது வைத்துப் பாருங்கள், அவர் எல்லா நிலையையும் கடந்தவர். 2016 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன, அவர் பெயர் வரவில்லை. அன்று அவருக்கு எந்த அணியோடும் ஒப்பந்தமே இருந்ததில்லை, ஆனாலும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். ‘ஒப்பந்தம் முடிந்த வீரர்’ என்று முன்மொழிந்த மதுரை ஐயா கவனிக்க வேண்டும்: இல்லாத ஒப்பந்தம் எப்படி முடியும்? தன்னுரிமை வீரர் என்றால் பொருந்துகிறது. 2018-ல் முதல் ஒப்பந்தம் முடிந்தது, ஆனால் ராப்டர்ஸின் மீட்புரிமைக்கு உட்பட்டிருந்தார். 2 ஆண்டு, 1.8 கோடி டாலருக்கு அங்கேயே கையெழுத்திட்டார். நடுவில் 2019 கோப்பை. 2020-ல் முழுத் தன்னுரிமை, 4 ஆண்டு, 8.5 கோடி. 2023-ல் அந்த ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அவருடைய விருப்பத்தில் இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹூஸ்டனுக்குப் போனார், 3 ஆண்டுக்குச் சுமார் 13 கோடி. அந்தக் கடைசி ஆண்டை ‘வீரர் விருப்ப ஆண்டு’ என்றும், அணியின் கையில் இருந்தால் ‘அணி விருப்ப ஆண்டு’ என்றும் எழுதலாம். இதில் வாதத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

> மீட்பு என்றால் தீயணைப்பு மீட்புப் பணிதான் நினைவுக்கு வரும். தினசரிகளில் தக்கவைப்பு என்று எழுதுகிறார்களே, அதையே எடுக்கலாமே?

ஐபிஎல் செய்திகளில் வரும் தக்கவைப்பு வேறு. அங்கே ஏலத்துக்கு முன்பே அணி தன் வீரரை வைத்துக்கொள்கிறது, வெளியார் விலை சொல்லும் பேச்சே இல்லை. நமக்கு வேண்டியதற்கு நெருக்கமானது ஆர்டிஎம் (ரைட் டு மேட்ச்) கார்டு. 2018 ஏலத்தில் டு பிளெஸ்ஸியையும் பிராவோவையும் பஞ்சாப் கடைசியாகக் கேட்டது, சென்னை அதே விலைக்கு ஆர்டிஎம் போட்டு எடுத்துக்கொண்டது. விலையை வைப்பவர் வேறு, கொடுத்து எடுத்துக்கொள்பவர் பழைய சொந்தக்காரர். அடகு வைத்த நகையை மீட்பதில் ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள் அதுதானே, அங்கே யாரும் தீயணைப்பு வண்டியை நினைப்பதில்லை. தக்கவைப்பு என்ற சொல்லை அதன் வேலைக்கே விட்டுவைப்போம்.

மீட்புரிமை வீரருக்கு வெளி அணி விலை சொல்லி நீட்டும் ஒப்பந்தத்துக்கு (ஆஃபர் ஷீட்) ‘விலைத்தாள்’ போதும். இதைப் புரியவைக்க ராப்டர்ஸ் ரசிகர்களுக்கு ஒரே பெயர் போதும்: லாண்ட்ரி ஃபீல்ட்ஸ்.

இளையவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சொல்ல ஆசை. 2012 கோடையில் ராப்டர்ஸுக்கு ஸ்டீவ் நாஷ் வேண்டும். கனடாவில் வளர்ந்தவர், அந்த ஊர் ரசிகர்களுக்கு வேறு காரணம் தேவையில்லை. நியூயார்க் நிக்ஸும் அவரைத் துரத்தியது. நிக்ஸ் அவரைப் பெற வேண்டுமென்றால் சில வீரர்களை மாற்றிக் கொடுக்க வேண்டும், அதில் ஒருவராக ஃபீல்ட்ஸ் இருப்பார் என்று பேச்சு. அவர் நிக்ஸின் மீட்புரிமை வீரர். ராப்டர்ஸ் என்ன செய்தது? ஃபீல்ட்ஸுக்கே 3 ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் என்று விலைத்தாள் நீட்டியது. நிக்ஸின் கையிலிருந்த காயைப் பறிப்பதுதான் கணக்கு. நாஷ் இரண்டு பேரையும் விட்டுவிட்டு லேக்கர்ஸுக்குப் போனார். நிக்ஸ் ஃபீல்ட்ஸை மீட்கவில்லை. எதிராளியைத் தடுக்க நீட்டிய தாள், தன் தலையிலேயே ஒப்பந்தமாக விழுந்தது. முழங்கை நரம்புக் கோளாறால் அவரால் சரியாக ஆடவும் முடியவில்லை. (பின்னாளில் அட்லாண்டா ஹாக்ஸின் பொது மேலாளர் ஆனார், 2025 வரை இருந்தார். மற்றவர்களுக்கு விலைத்தாள் எழுதும் இடம்!) அதே மாதம் ஹூஸ்டன் ஜெரமி லின்னுக்கு நீட்டிய விலைத்தாளையும் நிக்ஸ் ஈடுகட்டவில்லை. மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தை ஏற்றி வைத்து, பழைய அணி எடுத்தால் வலிக்கும்படி செய்திருந்தார்கள்.

அடுத்தது, பழைய அணி மீட்புரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வீரருக்கு முதலில் தர வேண்டிய ஓராண்டு முன்மொழிவு. வரைவில் இதைத் ‘தகுதி முன்மொழிவு’ என்று போட்டிருக்கிறார்கள். யாருடைய தகுதி, எதற்குத் தகுதி என்று ஒன்றும் விளங்காது. அது செய்யும் வேலை உரிமையைக் காப்பது, ஆகவே ‘உரிமைக்காப்பு முன்மொழிவு’ என்று எழுதலாம். வீரர் அதை ஏற்று ஓராண்டு ஆடினால் அடுத்த கோடையில் முழுத் தன்னுரிமை. 2025-ல் புரூக்ளினின் கேம் தாமஸ் செய்தது அதைத்தான்: கேட்ட விலை கிடைக்கவில்லை, சுமார் 60 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஆட ஒப்புக்கொண்டார்.

அப்புறம், ‘பறவை உரிமை’. இதை வரைவில் பார்த்ததும் கொஞ்ச நேரம் சிரித்தேன், மன்னிக்கவும். அது பறவை அல்ல, பாஸ்டன் செல்டிக்ஸின் லாரி பேர்ட். 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று சம்பள வரம்பு வந்தபோது, நீண்ட நாள் ஆடிய தன் வீரரை வைத்துக்கொள்வதற்கு மட்டும் வரம்பைத் தாண்டலாம் என்று விலக்கு வைத்தார்கள். அதற்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ‘பேர்ட் உரிமை’ என்றே இருக்கட்டும். மூன்று ஆண்டு ஆடியிருந்தால் முழு பேர்ட், இரண்டு ஆண்டு என்றால் ‘குறை பேர்ட் உரிமை’. இந்தக் குறை எவ்வளவு கடிக்கும் என்பதற்கு 2024-ல் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் சாட்சி. நிக்ஸில் இரண்டே ஆண்டு ஆடியிருந்ததால் அவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் 4 ஆண்டுக்கு 7.25 கோடிக்கு மேல் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஓக்லஹோமா சிட்டி 3 ஆண்டுக்கு 8.7 கோடி கொடுத்துக் கூட்டிப்போனது, அடுத்த ஆண்டே கோப்பையும் வாங்கியது. நிக்ஸ் கஞ்சத்தனம் செய்தது என்று திட்டுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆக, ஒட்டுமொத்தப் பட்டியலில் தன்னுரிமை வீரர், முழுத் தன்னுரிமை, மீட்புரிமை, விலைத்தாள், உரிமைக்காப்பு முன்மொழிவு, பேர்ட் உரிமை ஆகியவற்றை என் முன்மொழிவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தன்னுரிமை’ நீளம் என்று தோன்றினால் தலைப்பில் ‘உரிமை பெற்ற’ என்று சுருக்கலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘மீட்புரிமை’யை மட்டும் அவ்வளவு சீக்கிரம் விட்டுத்தர மாட்டேன், எதிர்வாதம் இருந்தால் ஓர் உண்மையான வீரரின் பெயரோடு எழுதுங்கள்.

‘செகண்ட் ஏப்ரன்’ பற்றிக் கேட்டவருக்கு: லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2023 ஒப்பந்தத்தில் வந்த, அணியின் மொத்தச் சம்பளத்துக்கான அந்த எல்லைக்கோட்டைத் தாண்டும் அணி, வெளியிலிருந்து தன்னுரிமை வீரரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து எடுப்பது ஏறக்குறைய முடியாது. தயவுசெய்து சமையலறை மேலங்கியைக் கொண்டுவர வேண்டாம். ‘இரண்டாம் மேல்வரம்பு’ என்று நான் எழுதிவருகிறேன். இதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இங்கே போட்டால் குயிக்லி சண்டையில் கலந்துவிடும்.