மாட்டுங்கா பழைய கட்டடம்: பின்பக்க இரும்புப் படி, ஹவுஸ் கல்லி, பில்லில் ஹலால்கோர் வரி – எந்த விதியால் வந்தவை?

கிங்ஸ்சர்க்கிள்_குடியிருப்பு

வணக்கம். மும்பை மாட்டுங்கா கிழக்கில் 1930-களில் கட்டிய நாலு மாடி வாடகைக் கட்டடம், பெரிய ரிப்பேருக்குத் தயாராகிறது. பின்பக்கச் சுவரை ஒட்டி இரும்புச் சுருள்படி ஒன்று ஒவ்வொரு மாடிக் கக்கூஸின் வெளிக்கதவுக்கும் போகிறது. எங்கள் கட்டடத்துக்கும் பின்கட்டடத்துக்கும் நடுவே சுமார் 5 அடிச் சந்து. எல்லாரும் அதை ஹவுஸ் கல்லி என்கிறார்கள். 1950-களின் வரி பில்களில் ‘ஹலால்கோர் வரி’ என்று தனி வரி இருக்கிறது (ஹலால்கோர் என்றால் கழிவு அள்ளுகிறவர்). அப்போதே ஃபிளஷ் கக்கூஸ்தான்.

சந்துக்கு டைல்ஸ் போட்டு, மேலே ஷீட் அடித்து, சைக்கிள் நிறுத்தலாம் என்கிறது கமிட்டி. படியையும் வெட்டி எடுக்கப் போகிறார்கள். இவையெல்லாம் எந்த விதியால் வந்தன? எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

பரேல்_டிரெய்னேஜ்

முதலில் சந்து. 1888-ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டம்தான் (இன்றும் நடப்பில் உள்ள மும்பை சட்டம் அதுவே) இதற்கு அடிப்படை. அதன் 3-ஆம் பிரிவில் ‘ஹவுஸ் கல்லி’க்குத் தனி விளக்கம் உண்டு: கழிவுநீர் ஓடவோ, கக்கூஸையும் கழிவுத் தொட்டியையும் சுத்தம் செய்கிறவர்கள் வந்துபோகவோ ஒதுக்கிய அல்லது பயன்படுத்துகிற நிலத்துண்டு. அதாவது அது கால்வாயும் வழியும் சேர்ந்தது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே மிச்சம் விழுந்த இடம் என்று நினைத்து மூடுவதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

அடுத்தது கக்கூஸ். அந்தச் சட்டத்தின் 251-ஆம் பிரிவு எடுப்புக் கக்கூஸுக்கானது, அதாவது கழிவை ஆள் வந்து அள்ளும் வகை. கக்கூஸுக்கும் ஆள் குடியிருக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 3 அடி அகலத்துக்கு வானம் பார்த்த காற்றிடைவெளி வேண்டும். வழிப்போக்கர் கண்ணிலும் அக்கம்பக்கத்தார் கண்ணிலும் படாதபடி கூரையும் சுவரும் வேண்டும். தெருவைப் பார்த்துக் கதவோ எடுப்புத் துவாரமோ, தனி அனுமதி இல்லாமல், இருக்கக் கூடாது. தெருப்பக்கம் திறக்க முடியாதென்றால் பின்பக்கம்தான் வழி. கிர்காவ், காளபாதேவி பக்கத்துப் பழைய சால்களில் (வரிசை வரிசையாக அறைகள் உள்ள வாடகைக் கட்டடங்கள்) கக்கூஸ் எல்லாம் பின்சுவரோடு ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பது இதனால்தான். மேல்மாடிக் கழிவு ஒரு குழல் வழியாகக் கீழே விழும், கூடையில் சேரும், ஆள் வந்து அள்ளுவார்.

உங்கள் கட்டடம் அந்த வகையா என்று பார்க்க: கல்லியில் நின்று, கக்கூஸ் சுவரின் அடியைப் பாருங்கள். செங்கல் வைத்து அடைத்த சதுரத் துவாரத் தடம் இருந்தால் ஒரு காலத்தில் எடுப்புக் கக்கூஸ். தடமே இல்லாமல், வார்ப்பிரும்புக் குழாய் சுவரோடு அழகாக அளந்து வைத்தது போல ஏறியிருந்தால், கட்டும்போதே ஃபிளஷ். 1930-கள் மாட்டுங்கா என்றால் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் படி எதற்கு? கழிவை அள்ள வேண்டியது நின்ற பிறகும் கக்கூஸைத் தேய்த்துக் கழுவ ஆள் வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றது சாதி. சட்டம் கேட்டது சுத்தம் செய்ய ஒரு வழி மட்டும்தான். அது வாசல் வழியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் கட்டியவர்களும் குடியிருந்தவர்களும்.

சயான்_கணக்கு

வரி பற்றி மட்டும் சொல்கிறேன். அன்றைய 1888 சட்டத்தின் 140-ஆம் பிரிவில் சொத்துவரி என்பது பல வரிகளின் தொகுப்பாக இருந்தது: தண்ணீர் வரி, ஹலால்கோர் வரி, பொது வரி என்று. ஹலால்கோர் வரியை எந்தக் கட்டடத்துக்குப் போடலாம் என்று 142-ஆம் பிரிவு சொன்னது. கழிவு அள்ளும் வேலையை மாநகராட்சியே ஏற்பதாக அறிவித்த பகுதியில் உள்ளவை ஒன்று. கக்கூஸோ குளிக்கும் இடமோ சமையல் இடமோ மாநகராட்சிக் கழிவுநீர்க் கால்வாயோடு இணைந்திருந்தால், அவை எங்கிருந்தாலும் இரண்டாவது. உங்கள் பில் இந்த இரண்டாவதில் வந்தது. அள்ள யாரும் வராவிட்டாலும் சாக்கடை இணைப்புக்காகக் கட்டியிருக்கிறார்கள். இன்றைய பில்லில் கழிவுநீர் வரி என்று இருப்பது இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். 1969 செப்டம்பர் 30-க்கு முன் கட்டிய வாடகைக் கட்டடம், செஸ் (ரிப்பேருக்கான தனி வரி) கட்டும் கட்டடம் என்று நிரூபிக்க இவை உதவும். ரிப்பேருக்கு மாடாவின் (மாநில அரசின் வீட்டுவசதி ஆணையம்) கட்டடப் பழுதுபார்ப்பு வாரியத்தை அணுகும்போது கேட்பார்கள்.

மாஹிம்_ஸ்ட்ரக்சர்

பின்சந்து எடுப்புக் கக்கூஸ் காலத்துப் பழக்கம். மாட்டுங்காவில் கட்டடங்களுக்கு முன்னும் பக்கத்திலும் இடம் தாராளமாக இருப்பதன் காரணம் வேறு. 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் தெரிந்தது. 1898-ல் நகரைச் சீரமைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர்–மாட்டுங்கா மனைப்பிரிவு அந்த டிரஸ்ட் போட்டதுதான். காற்றும் வெளிச்சமும் வராத அறைதான் நோய்க்கு வீடு என்று நம்பி, அவர்கள் கடைப்பிடித்த அளவு 63½ டிகிரி. அறையின் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அது தரையோடு 63½ டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கணக்கில் அது ஏறக்குறைய 2-க்கு 1. எதிர்ச்சுவர் 40 அடி உயரம் என்றால் நடுவே 20 அடி வேண்டும். கோணத்தைத் தச்சர்கூட ஒரு மூலைமட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். டிரஸ்ட் 1933-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

படியைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டும் முன் பாருங்கள்: பெரும்பாலும் கழிவுக் குழாய்களின் கிளாம்பு அந்தப் படியின் நடுத்தண்டிலோ மேடையிலோ மாட்டியிருக்கும். படியை எடுத்தால் குழாய் தன் எடையிலேயே இறங்கி, ஈய ஜாயின்ட் திறந்துவிடும். முதலில் குழாய்க்குச் சுவரில் தனி கிளாம்பு, பிறகுதான் படி. சுவருக்குள் போன இரும்பை அறுத்து அப்படியே விட்டாலும் துரு வீங்கிச் சுவரைப் பிளக்கும். தோண்டி எடுத்து அடையுங்கள். தீப்பிடித்தால் இறங்க வேறு வழி உண்டா என்பதையும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கிங்ஸ்சர்க்கிள்_குடியிருப்பு

நன்றி. துவாரத் தடம் இல்லை. சுவரில் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. ஒன்று தடிமன், மொட்டைமாடிக்கு மேலும் போகிறது. இன்னொன்று மெலிந்தது, தரையில் ஜாலி போட்ட சிறு தொட்டிக்குள் விழுகிறது. தரைத்தளத்தில் நாற்றம் இருக்கிறது. டைல்ஸ் போட்டால் போய்விடும் என்கிறார் காண்ட்ராக்டர்.

பரேல்_டிரெய்னேஜ்

போகாது. கூடும்.

நீங்கள் சொல்வது பழைய இரட்டைக் குழாய் முறை. தடித்தது (4 அங்குலம்) கக்கூஸ் குழாய்; நேராக சேம்பருக்கு (குழாய்கள் கூடும், மூடி போட்ட தரைத்தொட்டி) போகும், மேல்முனை காற்றுக்காகத் திறந்திருக்கும். மெலிந்தது மோரிக் குழாய், அதாவது குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர். அது கல்லி டிராப்பில் (நீங்கள் சொன்ன ஜாலித் தொட்டி) விழுந்து, அங்கே தேங்கும் தண்ணீரைத் தாண்டித்தான் சேம்பருக்குள் போகும். அந்தத் தேங்கும் தண்ணீர் 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர். சாக்கடை வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

நாற்றத்துக்குக் காரணம் தேடும்போது இந்த வரிசையில் போங்கள்:

1. மொட்டைமாடியில் வாட்டர்ப்ரூஃப் போட்டவர்களோ ஷீட் கூரை போட்டவர்களோ காற்றுக் குழாயை அறுத்து மூடியிருக்கிறார்களா? மூடியிருந்தால், மேல்மாடியில் ஃபிளஷ் இழுக்கும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகி, கீழ்மாடி டிராப் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

2. யாராவது புதுக் குளியலறை கட்டி, மோரித் தண்ணீரைத் தடித்த குழாயில் இணைத்திருக்கிறார்களா? மிகச் சாதாரணமாக நடப்பது. அங்கே ஆழமான டிராப் இல்லையென்றால் வாயு நேரே குளியலறைக்கு வரும்.

3. வார்ப்பிரும்புக் குழாயில் பிவிசி துண்டைச் செருகி வெள்ளைச் சிமென்ட் பூசியிருக்கிறார்களா? வெயிலில் பிவிசி நீளும், சிமென்ட் நீளாது, விரிசல் விடும். ரப்பர் வளையம் உள்ள இணைப்புதான் தாங்கும்.

4. சந்துக்கு அடியில் ஓடும் குழாய். அந்தக் காலத்தில் மெருகிட்ட மண்குழாய், ஒரு துண்டு சுமார் 2 அடி. 40 அடிச் சந்தில் 20 ஜாயின்ட். ஒவ்வொன்றும் தார் தோய்த்த சணல், மேலே சிமென்ட். அரசமரக் கன்று ஒன்று சுவரில் முளைத்திருந்தால் அதன் வேர் ஏதாவது ஒரு ஜாயின்டுக்குள் இருக்கும்.

எது எங்கே போகிறது என்று தெரிய, சேம்பர் மூடிகளைத் திறந்து வைத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மாடி மாடியாக ஊற்றுங்கள். முதலில் கக்கூஸ், பிறகு மோரி, கடைசியில் மொட்டைமாடி மழைக்குழாய். மழைத்தண்ணீர் கழிவுநீர் சேம்பரில் நீலமாக வந்தால் அதை உடனே பிரிக்க வேண்டும். மும்பையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி அமைப்பு. ஆங்கிலேயர் காலத்து மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும்போது, போட்டவை. ஜூலையில் கடல் ஏறியிருக்கும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்தால் தரைத்தளத்துக் கக்கூஸில்தான் பொங்கும்.

புதுக்குழாய் போடுவதென்றால் சரிவு: 4 அங்குலத்துக்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1. 40 அடி ஓட்டத்துக்கு 4 அங்குலக் குழாய் 1 அடி இறங்க வேண்டும். இதைவிட மட்டமாகப் போட்டால் கழிவு நின்றுவிடும். அளவுக்கு மேல் செங்குத்தாகப் போட்டால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டி தங்கிவிடும்.

இப்போது டைல்ஸ். பழைய தரைமேல் அப்படியே போட்டால் மட்டம் 2, 3 அங்குலம் உயரும். கல்லி டிராப் ஜாலி பள்ளத்துக்குள் போய் குப்பை சேரும், மழைத்தண்ணீர் அஸ்திவாரச் சுவரைப் பார்க்கும். ஷீட் அடித்தால் காற்றிடைவெளியே போயிற்று. அடியில் மாநகராட்சிக் கால்வாய் ஓடினால் அதன் மேல் எதைக் கட்டவும் கமிஷனரின் எழுத்து அனுமதி வேண்டும். பழைய தரையைக் கொத்தி எடுத்து, குழாயை மாற்றி, நடுவில் சரிந்த சிமென்ட் ஓடை விட்டு, கரடுமுரடான கல் பதியுங்கள். சேம்பர் மூடிகள் தரை மட்டத்திலேயே தெரியட்டும். சைக்கிளுக்கு வேறு இடம் பாருங்கள்.

செம்பூர்_காலனி

கல்லியில் குப்பை வீசுவதைப் பற்றியும் யாராவது கமிட்டியில் பேசுங்கள். மாடியிலிருந்து போடும் பிளாஸ்டிக் பைதான் பாதி அடைப்புக்குக் காரணம். வீட்டுக்காரர் குப்பையைத் தானே சேர்த்து, ஒதுக்கிய தொட்டியில், ஒதுக்கிய நேரத்தில் போட வேண்டும் என்று 1888 சட்டத்தின் 368-ஆம் பிரிவே சொல்கிறது. சேர்த்த குப்பை மாநகராட்சியின் சொத்து என்கிறது 366.

அந்தச் சொத்து எங்கே போயிற்று என்றால் எங்கள் ஊருக்கு. குர்லா–செம்பூர் ரயில் பாதை 1906-ல் குப்பை ரயிலுக்காகப் போட்டது. பயணிகள் ஏறியது 1924-ல்தான். தேவ்னார் குப்பைமேடு 1927-லிருந்து. இன்று ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் போகிற நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது.

தாராவி_சங்கம்

கல்லியைச் சுத்தம் செய்ய யாரை, எப்படி அழைக்கப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்து 1993-ல் ஒரு சட்டம், கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆள் இறக்குவதையும் தடைசெய்து 2013-ல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. வேலைக்கு வைத்த சொசைட்டியும் வழக்கில் நிற்கும்.

சேம்பர் அடைத்தால் வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஜெட்டிங் வண்டி (அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சி அடைப்பெடுப்பது) கேளுங்கள். வண்டி 5 அடிச் சந்துக்குள் வராது, ஹோஸ் வரும்; அதற்காகவே சந்தின் தெருமுனை திறந்திருக்க வேண்டும், அங்கே கேட் போட்டுப் பூட்டாதீர்கள். தனியார் பிளம்பர் மூங்கில் தட்டை, இரும்புக் கம்பி கொண்டு வந்தால் மேலே நின்று தள்ளட்டும். மூடியைத் திறந்ததும் யாரும் குனிய வேண்டாம், ஆழம் குறைவானாலும். உள்ளே இருக்கும் வாயு செறிவாக இருந்தால் மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர்தான் சாகிறார். கையுறை, பூட்ஸ், சோப்பு, கழுவத் தண்ணீர் எல்லாம் கமிட்டி செலவில் என்று ரிப்பேர் எஸ்டிமேட்டிலேயே ஒரு வரி சேருங்கள்.