ஓய்வுநாளைக் கொடுத்தது யார்?

பீஷான்வாசி:
"ஆர்வலர்கள் நெருக்கியதால்தான் இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கிடைத்தது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. 2012 மார்ச்சில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அதை அறிவித்தவர் அன்றைய மனிதவளத் துணை அமைச்சர் டான் சுவான் ஜின். அரசாங்கம் யோசித்தது, கொடுத்தது. கூச்சலுக்கு இதில் என்ன பங்கு?

ஜூரோங் ஆசிரியை:
எழுதியவள் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். வெளிநாட்டு ஊழியர்களுக்காகக் குரல் கொடுக்கும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் 2008இல் ஓய்வுநாள் இயக்கத்தைத் தொடங்கின. சட்டம் தேவையில்லை, இரு தரப்பும் பேசி முடிவுசெய்யட்டும் என்பதுதான் அன்று மனிதவள அமைச்சின் நிலை. 2012இல் அது மாறியது. இடையில் நான்கு ஆண்டுகள் விடாமல் கேட்டது யார்?

பீஷான்வாசி:
2011இல் வெளிப்படையாகக் கேட்டவர் ஹலிமா யாக்கோப். ஆளுங்கட்சிக்காரர்.

ஜூரோங் ஆசிரியை:
கேட்டார், நன்றி. மூன்று ஆண்டுகள் கழித்து! அதே 2011இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பில் வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது சிங்கப்பூர் அரசாங்கம் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. தானாகக் கொடுக்க நினைத்தவர்கள் ஏன் ஒதுங்கினார்கள்?

உட்லண்ட்ஸ் தம்பி:
இருவரும் இல்லாத வெற்றிக்கு உரிமை கொண்டாடுகிறீர்கள். 2013 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விதியில், பணிப்பெண் ஒப்புக்கொண்டால் ஓய்வுக்குப் பதில் ஒருநாள் சம்பளம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. முதலாளி வீட்டிலேயே படுத்துறங்கும் பெண் எப்படி மறுப்பாள்? மாதத்தில் ஒரு நாளையாவது காசாக்க முடியாது என்று ஆனது 2023இல்தான்.

பீஷான்வாசி:
அதையும் அரசாங்கமே செய்தது.

ஜூரோங் ஆசிரியை:
மறுபடியும் "அரசாங்கமே". அந்த ஓட்டையை முதல் நாளிலிருந்து சுட்டிக்காட்டியவர்கள் யார்? என் அண்டைவீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சமையலறையில் அரிசி மூட்டைக்கு மேலே ஒரு நாட்காட்டி. வெளியே போன ஞாயிறுகளைப் பென்சிலால் வட்டமிடுவாள். பத்து மாதத்தில் இரண்டு வட்டங்கள். இரண்டு நாளும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய், தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டாள். அந்த இரண்டையும் எண்ணி எண்ணிச் சொல்வாள். அவளுக்காக யாரோ விடாமல் கேட்டதைக் கூச்சல் என்கிறீர்கள்.

பீஷான்வாசி:
பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்திடம் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுத்துவிட்டுப் பயத்தோடு இருப்பது நாங்கள். என் அம்மா படுத்த படுக்கை. ஞாயிற்றுக்கிழமை அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பார்? வேலைக்காரிக்கு உரிமை கேட்பவர்கள் வந்து செய்வார்களா?

ஜூரோங் ஆசிரியை:
பணிப்பெண். அந்தச் சொல்லை முதலில் திருத்துங்கள்.

பீஷான்வாசி:
தமிழ் வகுப்பு எடுக்காதீர்கள். தைப்பூச விவாதத்திலும் இப்படித்தான் என் எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தீர்கள்.

ஜூரோங் ஆசிரியை:
அதில் தப்பித்தது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

துவாஸ் பழையவர்:
ஐயா, அம்மா, நான் இருபது ஆண்டுகள் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனவன். இன்றும் ஊழியர்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆர்வலர்கள் அதை நிறுத்தச் சொல்லியும் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள், தடை வரவில்லை. நெருக்கினால் நடக்கும் என்றால் அது ஏன் நடக்கவில்லை?

பீஷான்வாசி:
கேட்டீர்களா, ஆசிரியை?

ஜூரோங் ஆசிரியை:
அண்ணன் சொல்வது எனக்கும் வலிக்கிறது. இன்னும் பலமாக நெருக்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். நான் கேட்டது 2008. சட்டம் வேண்டாம் என்றவர்கள் 2012இல் வேண்டும் என்றது எதனால்?

உட்லண்ட்ஸ் தம்பி:
2013இல் காசாக்கலாம் என்று விட்டார்களே அக்கா, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பீஷான்வாசி:
அறிவித்தவர் துணை அமைச்சர். நாடாளுமன்றப் பதிவில் இருக்கிறது.

ஜூரோங் ஆசிரியை:
2008 முதல் 2012 வரை. பதில் வரும்வரை கேட்பேன்.