7க்கு ஆறரை ஸ்டோர் ரூம், துணி ரூம் ஆகுமா?

மஞ்சக்குப்பத்தான்:
வணக்கம். கடலூர்ல அப்பா கட்டின வீடு. எங்க ஆயா காலத்துல புளிப்பானையும் நெல்லு மூட்டையும் இருந்த ஸ்டோர் ரூம் இப்ப சும்மா கிடக்கு. 7 அடி நீளம், ஆறரை அடி அகலம். ஜன்னல் கிடையாது, மேல காத்து வர ஒரு ஜாலி மட்டும். பொண்ணு யூடியூப்ல பார்த்துட்டு வாக்-இன் வார்ட்ரோப், அதாவது உள்ள நடந்து போய் துணி எடுக்கிற ரூம், பண்ணலாம்ங்கிறா. ஆசாரி ரெண்டு பக்கமும் 2 அடி ஆழத்துக்கு அலமாரி அடிச்சு கதவு போட்டுடலாம்ங்கிறார். தரையில சாக்பீஸால கோடு போட்டுப் பார்த்தேன், நடுவுல 30 அங்குலம்தான் மிச்சம். அலமாரிக் கதவைத் திறந்தா நான் வெளியே போயிடணும்! மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிஞ்சு உதிருது. வீட்டம்மாவுக்குப் பட்டுப்புடவை மட்டும் 40 இருக்கு. ஒண்ணு கெட்டாலும் எனக்குச் சோறு கிடையாது.

முத்தியால்பேட்டை மரவேலை:
சார், ஹேங்கர்ல சட்டை மாட்ட 22லேர்ந்து 24 அங்குலம் ஆழம் வேணும், நிஜம்தான். அது ஒரு பக்கம் போதும். புடவை மடிச்சு வைக்கிறதுதானே? எதிர்ப்பக்கம் 15 அங்குலத் தட்டு போடுங்க. நடுவுல 39 கிடைக்கும், குனிஞ்சு கீழ்த்தட்டுல தேடலாம். சட்டைக்கு 40 அங்குல உயரம் விட்டு மேல ஒரு கம்பி, கீழ ஒரு கம்பி. அலமாரிக்குக் கதவே வேணாம், ரூம் கதவே போதும், அதையும் வெளிப்பக்கம் திறக்க வைங்க. கம்பி 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க. முலாம் பூசினது நம்ம கடல் காத்துக்குத் துருப்பிடிச்சு வெள்ளைச் சட்டையில கறை போட்டுடும்.

ரெயின்போ நகர் அக்கா:
அண்ணே, மரத்தை அப்புறம் பார்க்கலாம், முதல்ல அந்த மேற்குச் சுவர். பொரிஞ்சதைச் சுரண்டிட்டு, ஒரு அடிச் சதுரம் பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி முத்து முத்தா நின்னா ஓதம் சுவர் வழியா வருது. வெளிப்பக்கம் நின்னா அது காத்து ஈரம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.
2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழைக்கு எங்க வீட்டுக்குள்ள கணுக்கால் தண்ணி. பார்ட்டிகிள் போர்டு அலமாரி அடிப்பக்கம் டீயில போட்ட ரஸ்க் மாதிரி ஊதிப்போச்சு. வாட்டர் ப்ரூஃப்னு சொல்லித்தான் கடைக்காரர் தலையில கட்டினார். நீங்க கீழ 6 அங்குலம் செங்கல் மேடை கட்டி கடப்பாக் கல் போடுங்க. பிளைவுட்ல ஐ.எஸ். 710 முத்திரை இருக்கணும், அதுதான் ஈரம் தாங்குற மரைன் பிளைவுட். பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, பழைய வெள்ளை வேட்டியில சுத்துங்க. பாச்சை உருண்டை ஜரிகைமேல படக்கூடாது.

திருப்பாப்புலியூர் பெருசு:
இருக்கிற ரெண்டு பீரோவை உள்ள தள்ளிட்டா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு?

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா சொன்னபடி ஒட்டினேன். சுவர்ப்பக்கம்தான் தண்ணி நிக்குது. பிளம்பர் பாத்ரூம்ல ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தார், உள்ள குழாய் ஜாயின்ட் கசியுது. அது சரியாகி சுவர் காயற வரைக்கும் ஆசாரிக்கு அட்வான்ஸ் கிடையாது. பெருசு, பீரோ யோசனையைச் சொன்னேன், பொண்ணு பேசவே மாட்டேங்கிறா.
39 அங்குலத்துக்குப் புதுசா கோடு போட்டு வீட்டம்மாவை நடுவுல நிக்க வச்சேன். சுத்திப் பார்த்துட்டு, "கண்ணாடி எங்க?"ன்னு கேட்டா. மரவேலை சார், ரூம் கதவோட உள்பக்கம் மாட்டினா கீல் தாங்குமா?