‘ஃபிளேக்கி டெஸ்ட்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இணையச் செயலிகளை உலாவி வழியே தானாகச் சோதிக்கும் முறை பற்றி எங்கள் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். படிக்கப் போகிறவர்கள் கேரளத்துச் சிற்றூர் வட்டத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம்.

பால் சங்கத்துக்காக அவர்களே ஒரு கணக்குச் செயலி செய்திருக்கிறார்கள். சோதனை நிரல் உலாவியைத் திறக்கிறது, உறுப்பினர் எண்ணைத் தட்டுகிறது, 6.5 லிட்டர் என்று இடுகிறது. ‘சேர்’ பொத்தானை அழுத்துகிறது. இன்றைய பட்டியலில் அந்த வரி வந்ததா என்று பார்க்கிறது. ஒரு முறை பச்சை வருகிறது, அதாவது தேறுகிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் சிவப்பு, அதாவது தோல்வி. மூன்றாம் முறை மறுபடி பச்சை. ஆங்கிலத்தில் இதைத்தான் ஃபிளேக்கி டெஸ்ட் என்கிறார்கள்.

‘நிலையற்ற சோதனை’ என்று எழுதிப் பார்த்தேன். நிலையாமை என்றதும் நம் மனம் யாக்கைக்கும் செல்வத்துக்கும் போய்விடுகிறது. இந்தச் சோதனை அழிந்துபோவதில்லை. தினமும் வந்து நிற்கிறது, ஆனால் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

இன்னொரு சங்கடம் ‘சோதனை’ என்ற சொல்லே. மலையாளத்தில் ‘சோதன’ என்றால் மலம் கழிதல். வகுப்பில் ‘சோதனை ஓடவில்லை’ என்று சொன்னால் பின்வரிசை முழுவதும் சிரிக்கிறது.

திரையில் சாளரம் காட்டாமல் மறைவில் ஓடுகிற ஹெட்லெஸ் உலாவிக்குத் ‘தலையிலா உலாவி’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

*

நாகர்கோவிலிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, சிரிப்புக்கு வழிவிட வேண்டாம்; சொல்லையே மாற்றிவிடுவோம். சோதனை என்பது தூய்மை செய்தல் என்னும் பொருளில் வடமொழியில் பிறந்தது. மலையாளி அந்த மூலப்பொருளுக்குத்தான் நெருங்கி நிற்கிறான். நமக்கு ‘ஓர்’ என்ற வேர் இருக்கிறது. ஓர்தல் என்றால் ஆராய்தல், கூர்ந்து நோக்குதல். ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்று குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் வருவது இதுதான். ஓர் என்பதும் தேர் என்பதும் ஓசையிலும் பொருளிலும் உடன்பிறந்தவை. தேர்வு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. ஓர்வு இன்னும் ஒருவரும் எடுக்காமல் கிடக்கிறது. டெஸ்ட் என்பதற்கு ஓர்வு, ஃபிளேக்கி டெஸ்ட்டுக்கு அலைவோர்வு. புணர்ச்சியும் இயல்பாக விழுகிறது.

1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்று சங்கம் வைத்து இதழும் நடத்தியபோது அதன் பெயரிலேயே ‘பரிபாஷை’ இருந்தது. இன்று நாம் ‘கலைச்சொல்’ என்கிறோம். யாருக்கும் புரியாமல் போய்விடவில்லை. ஓர்வும் பத்தாண்டில் பழகிவிடும்.

தலையிலா உலாவி பற்றித் தனியே எழுதுகிறேன். ஒருமையில் சொல்ல ‘தலையிலி’ என்றே போதும்.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, செவ்வாய் நண்பகல்

ஐயா, ஓர்வு அழகான சொல். இங்கே அது எல்லையைத் தாண்டியதும் வேறு பொருள் கொள்கிறது. மலையாளத்தில் ‘ஓர்ம’ என்றால் நினைவு, ‘ஓர்க்குக’ என்றால் நினைத்தல். அதே வேர்தான், பொருள் மட்டும் நகர்ந்திருக்கிறது. காலை வகுப்பில் பலகையில் ‘ஓர்வு’ என்று எழுதிக் கேட்டேன். ‘மெமரி டெஸ்ட்டா?’ என்றாள் முதல் வரிசை மாணவி. கணினியில் நினைவகச் சோதனை என்று உண்மையிலேயே ஒன்று இருப்பதால் இது சிரித்துவிட்டுப் போகிற குழப்பமல்ல. பத்தாண்டில் பழகும் என்கிறீர்கள். எனக்கு மூன்று நாள் இருக்கிறது.

*

நகரியிலிருந்து, செவ்வாய் மாலை

ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் ‘சோதன’ என்றால் தேடுதல், ஆராய்தல் என்று போகும். ‘பரிசோதன’ என்றால் ஆய்வு. நகரியில் ‘தேடல்’ என்று காதில் விழுவது கொழிஞ்சாம்பாறையில் வேறாக விழுகிறது. மூன்று மொழிக்கும் பொருந்துகிற சொல்லைத் தேடினால் ஒன்றும் மிஞ்சாது. வாளையாற்றில் லாரி நிற்கும் இடமும் சோதனைச்சாவடிதான், எங்கள் ஊரைத் தாண்டி லாரி நிற்கும் இடமும் சோதனைச்சாவடிதான். தமிழ் படிப்பவன் அதைத் தமிழாகத்தான் படிக்கிறான். சோதனை இருக்கட்டும். முன்னொட்டைப் பார்ப்போம்.

‘ஊசல் சோதனை’ எப்படி? இங்கும் அங்கும் ஆடுகிறது என்ற பொருள் கேட்டதும் விளங்கும்.

*

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் இரவு

இருபது ஆண்டாக இயற்பியல் நடத்துகிறேன். ஊசலை இப்படிப் பயன்படுத்த ஒப்ப மாட்டேன். ஆடுகிறவற்றில் ஊசலைப் போல் நம்பத்தக்கது வேறில்லை; அதை நம்பித்தானே கடிகாரம் செய்தார்கள்? இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். ஆசிரியை சொல்கிற சோதனையை அப்படிக் கணக்கிட முடிந்தால் அவருக்குக் கவலையே இல்லை. அதோடு ‘ஊசல்’ என்றால் எங்கள் வீட்டில் நேற்றைய சாம்பார்தான் நினைவுக்கு வரும்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் அதிகாலை

வணக்கம். எங்களிடம் ‘தளம்பல்’ என்ற சொல் செய்தித்தாளிலேயே இருக்கிறது. விலைத் தளம்பல், நாணயத் தளம்பல் என்று நாள்தோறும் எழுதுகிறோம். ஒழுங்கில்லாமல் கூடிக் குறைதல் என்பதுதான் பொருள், ஊசலின் ஒழுங்கு இதற்கு இல்லை. தமிழகத்தில் ‘தளும்பு’ என்பீர்கள், நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தளம்பல் சோதனை அல்லது தளும்பல் சோதனை, எது உங்கள் நாவுக்கு வருகிறதோ அதை வையுங்கள்.

*

ஒலவக்கோட்டிலிருந்து, புதன் காலை

நான் இந்தச் சோதனைகளை எழுதிப் பிழைக்கிறவன். அதனால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த சொற்கள் எல்லாம், அலைவு, ஊசல், தளும்பல் மூன்றும், குற்றத்தைச் சோதனையின் மேல் ஏற்றுகின்றன. ஆடுவது சோதனைதானா? பால் கணக்குச் செயலியையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியை நிரலை எனக்கு அனுப்பியிருந்தார், ஓட்டிப் பார்த்தேன். அதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது எங்கும் உள்ளது. பக்கம் திறந்ததும் ‘சேர்’ பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. உறுப்பினர் பட்டியல் வழங்கியிலிருந்து (சர்வர்) வந்து சேர்ந்த பிறகுதான் பச்சையாகி உயிர் பெறுகிறது. பட்டியல் சீக்கிரம் வந்தால் சோதனை தேறும்; தாமதித்தால் உயிரில்லாத பொத்தானை அழுத்திவிட்டு, வராத வரியைத் தேடித் தோற்கும். மாணவர்கள் நடுவில் ‘2 நொடி தூங்கு’ என்று எழுதியிருக்கிறார்கள். இணையம் மந்தமான நாளில் 2 நொடி போதாது, விரைவான நாளில் அது வீண். இத்தனை நொடி என்று சொல்லாமல், ‘பொத்தான் உயிர் பெறும்வரை காத்திரு’ என்று நிபந்தனையாக எழுத வேண்டும்.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. முதல் கோளாற்றை விலக்கிப் பார்த்தால், பகலில் எப்போது ஓட்டினாலும் பச்சை. விடியற்காலை 5 மணிக்குத் தானாக ஓடும்போது மட்டும் சிவப்பு. பிள்ளைகள் அதற்கு ஃபிளேக்கி என்று முத்திரை குத்திவிட்டு, 10 மணிக்கு மறுபடி ஓட்டிப் பச்சையாக்கியிருக்கிறார்கள். வழங்கியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். ஆகவே காலை 5 மணிக்கு வழங்கிக்கு இன்னும் முந்தைய நாள் இரவு 11.30தான். அப்போது ஊற்றிய பால் நேற்றைய கணக்கில் விழுகிறது. பால் சங்கத்தில் கூட்டம் சேருகிற நேரமே அதுதான். சோதனை ஒவ்வொரு விடியலிலும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு நாம் வைத்த பெயர்தான் அதன் வாயை அடைத்தது.

இது மாணவர்களுக்கு மட்டும் வருவதன்று. 2016இல் கூகுள் வெளியிட்ட கணக்கில், அவர்களுடைய சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஏதோ ஓர் அளவில் இப்படிப்பட்டவை. 

எனக்கு 510ஆம் குறள் நினைவுக்கு வருகிறது.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

சோதிக்காமல் நம்புவதும் துன்பம், நம்பியதன்மேல் சந்தேகம் கொள்வதும் துன்பம். ஃபிளேக்கி டெஸ்ட் தருகிற தொல்லை முழுவதும் இரண்டாவது பாதியில் இருக்கிறது. சிவப்பைப் பார்த்தால் பிழையா, பொய்யா என்று தெரிவதில்லை. சில வாரத்தில் எந்தச் சிவப்பையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே ‘ஐயுறு சோதனை’ என்று முன்மொழிகிறேன். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று இந்தச் சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. நம் நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது, போய்ப் பார் என்று மட்டும் சொல்கிறது.

*

நாகர்கோவிலிலிருந்து, புதன் பிற்பகல்

தம்பி, குறளை எடுத்த இடம் நெஞ்சைத் தொட்டது. ஆனால் இலக்கணம் இடிக்கிறது. ஐயுறு சோதனை வினைத்தொகை. விரித்தால் ஐயுற்ற சோதனை, ஐயுறுகின்ற சோதனை, ஐயுறும் சோதனை. எழுவாய் எது? சோதனையா ஐயப்படுகிறது? ஐயப்படுகிறவர் நாம்.

*

ஒலவக்கோட்டிலிருந்து, புதன் பிற்பகல்

குடிநீர் எதையும் குடிப்பதில்லை, ஐயா. உண்கலமும் உண்பதில்லை.

*

நாகர்கோவிலிலிருந்து, புதன் மாலை

ஏற்கிறேன். அங்கே நீர் செயப்படுபொருள், கலம் கருவி; இங்கே சோதனை ஐயத்துக்கு இடம். வேற்றுமைப் பொருள் மாறினாலும் தொகை நிற்கும். என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ‘ஐயுறு ஓர்வு’ என்றால் இன்னும் மகிழ்வேன்.

இனித் தலையிலி. கம்பராமாயண ஆரணிய காண்டத்தில் கவந்தன் படலத்தைப் பாருங்கள். கவந்தனுக்குத் தலை இல்லை, வயிற்றிலேயே வாய். நீண்ட கைகளால் அகப்பட்டதையெல்லாம் வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறான். ஹெட்லெஸ் உலாவியும் அப்படித்தானே? சாளரம் இல்லை, முகம் இல்லை, ஆனால் பக்கங்களை முழுமையாக உள்வாங்குகிறது, நிரலை ஓட்டுகிறது, பொத்தானை அழுத்துகிறது. ‘கவந்த உலாவி’ என்று சொன்னால் ஒரே சொல்லில் அதன் இயக்கமே விளங்கிவிடும். உலாவியா உலவியா என்ற கேள்வியும் மீதி இருக்கிறது. உலவு, உலாவு இரண்டும் வழக்கில் உண்டு என்பதால் அதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

*

ஒலவக்கோட்டிலிருந்து, புதன் இரவு

கவந்தன் என்றதும் எங்கள் பாலக்காடு மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்து நினைவில் எழுகிறது. பகவதி கோயில் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னே 21 விளக்கு ஏற்றி, மலையாள நாட்டுக்குள் நின்று கம்பன் பாட்டைப் பாடி ஆட்டுகிறார்கள். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண முடியாமற்போன காளிக்காக ஆடுவது என்பது ஐதிகம். பல இரவுகளில் முற்றத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு பாட்டைக்கூட விடாமல் புலவர்கள் பொருள் சொல்லி முடிப்பார்கள். ஒரு முறை குளிரில் போர்வையோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திரையில் அனுமன் கடலைத் தாண்டும்போது எண்ணெய் கருகும் மணம் வந்தது.

2017இல் குரோம் உலாவி ஹெட்லெஸ் முறையில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அதை இயக்கக் கூகுள் வெளியிட்ட கருவியின் பெயர் பப்பட்டியர், அதாவது பாவையாட்டி. காண்போர் இல்லாமல் முழுக் கூத்தும் நடக்கிறது, பாவையை ஆட்டுகிறவர் மறைவில் இருக்கிறார். தலை இல்லை என்பதைவிடக் காண்போர் இல்லை என்பதே இங்கே பொருள். ‘திரையிலா உலாவி’ என்று வைத்தால் என்ன?

*

நகரியிலிருந்து, வியாழன் காலை

கூத்தில் திரைதான் இருக்கிறது, காண்போர்தான் இல்லை. உங்கள் உவமையே உங்கள் சொல்லை மறுக்கிறது. தலையிலா உலாவி என்றே விட்டுவிடுவோம். கவந்தனைத் தனி இழையில் தொடரலாம்.

எண்ணிப் பார்த்தேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துத் தளும்பலுக்கு ஏழு பேர், ஐயுறுவுக்கு மூன்று பேர். ஓர்வுக்கு ஒருவர். ஊசலை நானே விலக்கிக்கொண்டேன். வெள்ளிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. தளும்பல் சோதனை என்று வைத்துவிட்டேன். ஐயுறு சோதனை ஆழமானது, அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இன்று மாலை ஆய்வகத்தில் இரண்டையும் பலகையில் எழுதினேன். ‘ஐயுறு’வை நான் விளக்க வேண்டியிருந்தது. ‘தளும்பல்’ எழுதியதும் ஒரு மாணவன் எழுந்து, ‘பாதி நிறைந்த கேனை பைக்கில் கட்டினால் வருகிற ஆட்டம்’ என்றான். அவன் தினமும் காலையில் அந்தக் கேனோடு வருகிறவன். கேன் நேராகத்தான் இருக்கும், ரோடுதான் சரியில்லை என்றும் சேர்த்துச் சொன்னான்.

ஒலவக்கோட்டுத் தம்பி சொன்னதைக் கையேட்டில் தனிப் பத்தியாக்கினேன். ஒரு சோதனைக்குத் தளும்பல் என்று குறி இடுவதற்கு முன், அது சிவப்பான நேரங்களை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதும் ஓர் ஒழுங்கு தெரிந்தால் அது தளும்பல் அல்ல, பிழை. 5 மணிச் சோதனையைப் பிழைகள் பகுதிக்கு மாற்றியாயிற்று. தேதியை இந்திய நேரத்தில் கணக்கிடும்படி பிள்ளைகள் இன்றே திருத்திவிட்டார்கள். நாளை விடியலில் ஓடட்டும், பார்ப்போம்.

*

ஒலவக்கோட்டிலிருந்து, வெள்ளி காலை 6 மணி

5 மணி ஓட்டம் பச்சை. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தளும்பலை ஏற்க என்னால் முடியவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நேரங்களை வரிசையாக எழுதிப் பார் என்று கையேடு சொல்லும். ஆனால் கையேட்டைத் திறக்காத ஒருவர் ‘தளும்பல்’ என்ற குறியை மட்டும் பார்த்தால், ரோட்டைப் பார்க்க மாட்டார், கேனைத்தான் மாற்றுவார். இரண்டாம் பதிப்பு வந்தால் என் சொல்லை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.

*

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி காலை

தம்பிக்கு என் ஆதரவு உண்டு. அம்மா, அடுத்த அத்தியாயத்தில் ‘மாக்’ வருகிறதே, உண்மையான வழங்கிக்குப் பதிலாகச் சோதனையில் நிறுத்துவது, அதற்குப் ‘போலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்கணத்தில் போலி என்றால் ஏமாற்று அல்ல. ஐந்து அஞ்சானாலும் பொருள் மாறாமல் நிற்பதுதான் போலி. அச்சகத்துக்குப் போகும் முன் அந்தப் பத்தியை எனக்கு அனுப்ப முடியுமா?