அமெரிக்கா கிளம்பும் மதுரைக்காரர்களுக்கு: வலியை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: மூட்டுவலிக்கு மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த டிரமடால் மாத்திரையை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமா என்று. லீவில் செல்லூர் வீட்டில்தான் இருக்கிறேன், சாவகாசமாகவே எழுதுகிறேன்.

மூட்டை கட்ட வேண்டாம் தம்பி. டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்து, அடிமையாக்கவும் கூடிய வலி மருந்து. அமெரிக்கா 2014இல் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கொஞ்சமாக, கடையில் தந்த மாத்திரை அட்டையோடு, அம்மா பெயரில் உள்ள சீட்டோடு கொண்டுபோங்கள். கஸ்டம்ஸில் நீங்களே சொல்லிவிடுங்கள். மதுரையிலிருந்து துபாய் போய் இறங்குபவர்கள் முன் அனுமதி வாங்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஆஸ்பத்திரிப் பேச்சு. அங்கே முதல் கேள்வியே, "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை?" என் அத்தை பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு போனவர், "மூணு" என்றார். மூன்றுக்குத் தக்க பாராசிட்டமால்தான் வந்தது. ராத்திரி முழுக்க முனகல். ஏன் அத்தை அப்படிச் சொன்னீர்கள் என்றால், "பிள்ளை பெத்த வலி பத்துன்னா இது மூணுதானய்யா" என்கிறார்!

ஆகவே எண்ணோடு நிறுத்தாதீர்கள். கொண்டை போட முடியவில்லை, படி இறங்க முடியவில்லை, வலி ராத்திரி எழுப்பிவிடுகிறது என்று சொல்லுங்கள். நம்மிடம் குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுரீர், விண்விண் என்று எத்தனை வார்த்தை இருக்கிறது! மகன் மொழிபெயர்த்தால் எல்லாமே ‘பெயின்’ ஆகிவிடும். எரிச்சலும் சுரீரும் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் போனில் பிடித்துத் தருவார்கள், கேளுங்கள்.

குடிப்பீர்களா, குடும்பத்தில் யாராவது போதைக்கு அடிமையா என்றும் கேட்பார்கள். எங்கள் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, எல்லாரிடமும் கேட்பதுதான். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை வந்தபோது, அடிமையாக வாய்ப்பு குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். 2007இல் அதை விற்ற பர்டூ நிறுவனமே தவறான விளம்பரத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சூடுபட்ட டாக்டர்கள் அப்புறம் மறுபக்கம் சாய்ந்து, நிஜமாக வலிப்பவர்களுக்கும் மருந்தைக் குறைத்தார்கள். ஓபியாய்டு எழுதுவது பற்றி 2016இல் வந்த அமெரிக்க அரசு வழிகாட்டுதலை 2022இல் தளர்த்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் "டிரமடால் எழுதுங்க" என்று பேர் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், போதைக்குக் கேட்கிறீர்களோ என்று தோன்றிவிடலாம். இதுவரை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், எந்த மருந்துக்கு வலி குறைந்தது என்று சொன்னால் போதும். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஏதும் இருந்தால் மறைக்கவே கூடாது; சேர்ந்தால் ஆபத்து. இங்கே மாதிரி இவர் சரியில்லை என்று இன்னொரு டாக்டரிடம் போய் அதே மருந்தை வாங்கினால், மாநிலப் பதிவேட்டில் தெரிந்துவிடும். மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதும் அங்கே குற்றம்.

மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் படுத்தும். அம்மாவுக்கு இது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று டிக்கெட் போடுமுன் மதுரை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.